தைக்குன்னு எடுத்து வச்ச சீத்தாப்பழம்

ஃப்ரீசரத் தொறக்கவே அரசிக்குப் பயம். யாராவது ஐஸ் தண்ணி கேட்டாக்கூட, தொண்ட கட்டிக்கும், பானைத் தண்ணியக் குடிங்கன்னு தட்டிக் கழிச்சிடுவா. உள்ள பனி படிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின பாக்கெட்டுங்க. அத்தனையும் சீத்தாப்பழம். அவ அம்மா பார்வதி, பெரிய பொண்ணு தீபாவுக்காக, தை மாசம் வரைக்கும் தாங்கணும்னு உறைய வச்சது. அதுல விஷம் கலந்திருக்குன்னு அந்த வீட்டுல அரசிக்கு மட்டும்தான் தெரியும்.

விஷத்த யாரும் வேணும்னு கலக்கல. அதுதான் சொல்றதுக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

தீபா கல்யாணமாகி, இதே மராட்டி ஊர்ல அந்தக் கோடியில, கராடியில இருக்கா. புருஷன் ஷ்ரேயஸும் அவளும் ஒரே ஐடி கம்பெனி, பழகிக் கட்டிக்கிட்டது. மாமியார் பட்டு மாமி ரொம்ப ஆசாரம். சம்பந்தி வீட்டுக்கு வந்தா இன்னமும் பையில தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர்றவங்க. இப்ப தீபா மாசமா இருக்கா. மசக்கை போட்டுப் புரட்டுது. சோறு வடிக்கிற வாசனை ஆகல, தாளிக்கிற வாசனை ஆகல, காபிய நெனச்சாலே வாந்தி. வயித்துல தங்கினது சீத்தாப்பழம் ஒண்ணுதான். சாஸ்வட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டெம்போவுல வந்து, இவங்க இருக்கற கட்கி பஜார்ல குமிச்சு விக்கிறாங்களே, அந்தப் பழம். பார்வதி வாரா வாரம் ஒரு பை வாங்கி கராடிக்குக் கொடுத்து விட்டா. ஆனா தீபாவளி தாண்டினா பழம் வரத்து நின்னுடும். வளைகாப்போ தையில. அன்னிக்கு எனக்கு வேற ஸ்வீட்டே வேணாம்மா, சீத்தாப்பழம்தான் வேணும்னு தீபா ஃபோன்ல சொன்னா. வெளையாட்டாத்தான் சொன்னா. பார்வதி அதக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலயே பஜாருக்குப் போயி, கண்ணு விரிஞ்சு மஞ்சளா வெடிச்ச பழமாப் பொறுக்கி, ரெண்டு பை நெறைய வாங்கிட்டு வந்துட்டா. மதியம் பூரா அதே வேலை. பழத்தப் பொளந்து, தோலை ஒட்டி மணல் மாதிரி நறநறன்னு இருக்கறத விட்டுட்டு, சதைய மட்டும் ஸ்பூனால வழிச்சு, சல்லடையில போட்டுக் கரண்டியால தேய்ச்சா. விதை மேல நின்னுடும், விழுது கீழ எறங்கும். கறுத்துப் போகாம இருக்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கொஞ்சம் சர்க்கரை போட்டு, மிக்ஸியில ஒரே ஒரு சுத்து. அப்புறம் ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல ஊத்தி, காத்த வெளிய தள்ளி மூடி, சப்பாத்தி மாதிரி தட்டையா அமுக்கி வச்சா. தட்டையா இருந்தா சீக்கிரம் உறையுமாம், வேணுங்கிறப்ப ஒடச்சும் எடுக்கலாமாம். ஊத்தும்போது கவரோட வாயப் பிரிச்சுப் பிடிச்சது அரசிதான். எப்பவும் வேலை சொன்னா ஓடிப்போற பொண்ணு இன்னிக்கு நிக்குதேன்னு பார்வதி கிண்டல்கூட பண்ணினா.

அரசிக்கு அன்னிக்கு மனசு லேசா இருந்ததுக்கு வேற காரணம். தலையில இருந்த சனியன் அன்னிக்கு ஒழியப் போகுதுன்னு நம்பிக்கிட்டிருந்தா.

ஸ்கூல்ல பத்தாவது பிள்ளைங்கள எல்லாம் ரெண்டு நாள் கோட்டை பாக்கக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. பொண்ணுங்க எல்லாம் ஒரே ஹால்ல ஜமுக்காளத்த விரிச்சுப் படுத்து, ஒருத்தி சீப்ப ஒருத்தி வாங்கிச் சீவி, திரும்பி வரும்போது அரசி தலையில பேன் ஏறிடுச்சு. இடுப்பு வரைக்கும் முடி. அந்த முடியப் பத்தி பார்வதிக்கு அவ்வளவு பெருமை. பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. பத்தாவது படிக்கிற பொண்ணுக்குப் பேனுன்னா கிளாஸ்ல தலை காட்ட முடியுமா? மெடிக்கல் ஷாப்ல மருந்து வாங்கலாம்னா, அது சலீம் அங்கிள் கடை. அப்பா ராஜா கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற இடம் அந்தக் கடை வாசல்தான். ரஞ்சன்காவ் ஃபேக்டரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டீ, வந்ததுக்கு அப்புறம் ஒரு டீ, ரெண்டும் சலீம் அங்கிளோடதான். காலையில வாங்கினா சாயங்காலம் அப்பா காதுக்குப் போயிடும்.

அப்பத்தான் அவளுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது படிக்கும்போது ஒரு தடவ பேன் வந்து, அம்மா சீத்தாப்பழ விதையக் காய வச்சு இடிச்சு, தேங்காண்ணையில கொழச்சுத் தலையில தேய்ச்சுவிட்டா. கண்ணைத் துண்டால இறுக்கிக் கட்டி, தொறந்தா தோலை உரிச்சுடுவேன்னு மெரட்டினா. மறுநாள் ஒரு பேன்கூட இல்ல. அது போதும் அரசிக்கு. அதுக்கு முந்தின வாரம் தின்ன பழத்தோட விதைய எல்லாம் எடுத்துக் கழுவி, ஜன்னல் திண்டுல திரைக்குப் பின்னாடி காயப் போட்டா. அந்த ஞாயித்துக்கிழமை காலையில அம்மா பஜாருக்குப் போயிருந்தா, அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிட்டிருந்தாரு. வீட்டுல இடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மிக்ஸிதான். பெரிய ஜார் பிளேடு சிக்கி ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. இருந்தது சட்னி ஜார் ஒண்ணுதான். அதுல போட்டு அரைச்சா. மெளகுத்தூள் மாதிரி நல்லா வந்துச்சு. ஜாரைக் குழாயில காட்டி ஒரு அலசு அலசி, இருந்த எடத்துல கவுத்து வச்சுட்டா.

மதியம் அம்மா விழுத அடிச்சதும் அதே ஜார்லதான்.

அன்னிக்கு அது அவ புத்தியில தட்டவே இல்ல. ராத்திரி அந்தத் தூள எண்ணெயில கொழச்சுத் தலையில தேய்ச்சுக்கிட்டா. மறுநாள் தலைக்கு ஊத்தும்போது அது வழிஞ்சு ஒரு சொட்டு எடது கண்ணுல எறங்குச்சு. பச்ச மிளகாயப் பிட்டு வச்ச மாதிரி எரிச்சல். தண்ணிய அடிச்சு அடிச்சுப் பாத்தும் அடங்கல. கண்ணு செவந்து வீங்கிப் போச்சு. அம்மா அத மெட்ராஸ் ஐன்னு முடிவு பண்ணி, தனி டவலு, தனி தலகாணின்னு ஒதுக்கி வச்சா. அப்பா வாசப்படியில நின்னு எட்டிப் பாத்துட்டு, என் பக்கம் பாக்காதன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பயந்துபோயி அரசி ஃபோன்ல தேடிப் பாத்தா. அதுல போட்டிருந்தத ஒண்ணு விடாம படிச்சா. விதைய முழுசா முழுங்கினா ஒண்ணும் ஆகாதாம், அப்படியே வெளிய வந்துடுமாம். அரைபட்டாத்தான் விஷமாம். கண்ணுல பட்டா கண்ணுக்கு ஆபத்தாம். உள்ள போனா வாந்தி, வயித்து வலியாம். கடைசியா ஒரு வரி. கர்ப்பமா இருக்கறவங்க அது பக்கமே போகக் கூடாதாம்.

அந்த வரியப் படிச்சப்பத்தான் ஜார் ஞாபகம் வந்துச்சு.

எந்திரிச்சுப் போயி ஜாரைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா. பிளேடுக்கு அடியில, வாஷர் இடுக்குல, பழுப்பா என்னமோ அப்பிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால நோண்டி மோந்து பாத்தா. அதேதான். எவ்வளவு விழுதுல கலந்துச்சோ, எந்தப் பாக்கெட்டுக்குள்ள போச்சோ, யாருக்குத் தெரியும். வெளியில பாத்தா எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு.

சொல்லியிருக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டு விழும், அவ்வளவுதான். ஆனா எங்க ஆரம்பிக்கறது? விதைன்னு சொன்னா எதுக்கு அரைச்சன்னு கேப்பாங்க. பேனுன்னு சொல்லணும். பேனுன்னு சொன்னா அது அந்த வீட்டோட நிக்காது. அம்மா தீபாகிட்ட சொல்லுவா, தீபா பட்டு மாமி காதுல விழற மாதிரிதான் ஃபோன் பேசுவா. சம்பந்தி வீட்டுப் பலகாரத்துல பேன் மருந்துன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா அம்மா அந்த வீட்டுப் பக்கம் எப்படித் தலை நிமிந்து போவா? தைக்கு இன்னும் நாள் கிடக்கு, அதுக்குள்ள ஏதாவது பண்ணிடலாம்னு அரசி தள்ளிப் போட்டா. ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டா. படிக்க உக்காந்தா பாடம் ஏறல. குழந்தைன்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடுவா. ஜாரை மட்டும் கொதிக்கற தண்ணியில போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி வச்சா. பாக்கெட்டுங்களத் தூக்கிப் போடலாம்னா, அம்மா ஃப்ரிட்ஜுல கீரை எடுக்கும்போதெல்லாம் ஃப்ரீசரையும் தொறந்து, தைக்கு இருக்குன்னு ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் மூடுவா.

கடைசியா ஒரு யோசனை வந்துச்சு. உருகிட்டா? உருகினதத் திரும்ப உறைய வைக்கக் கூடாதுன்னு அம்மாவே சொல்லியிருக்கா. உருகிக் கெட்டுப் போனா அம்மாவே கொட்டிடுவா. யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம்.

அந்த வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. எங்க கெளம்பினாலும் கடைசியா வெளிய வர்றவங்க எல்லா சுவிட்சையும் பாத்து அமத்திட்டு வரணும். ஒரு தடவ கீசரைப் போட்டுட்டு ஊருக்குப் போயி, வந்து பாத்தா சுவரெல்லாம் கறுத்துக் கெடந்ததுலேர்ந்து ராஜா போட்ட சட்டம். சனிக்கிழமை மூணு பேரும் தீபாவப் பாக்கக் கராடிக்குக் கெளம்பினாங்க. அம்மா முன்னாடி படி எறங்கிட்டா, அப்பா ஸ்கூட்டர எடுக்கப் போயிட்டாரு. நான் பூட்டிட்டு வர்றேன்னு அரசி நின்னா. ஃபேன், லைட்டு, மோட்டாரு எல்லாத்தையும் பாத்தா. அப்புறம் ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் அமத்தினா. பழைய ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ், ஒரு தடவ உலுக்கிட்டு அடங்குச்சு. கேட்டா, ஊருக்குப் போற ஞாபகத்துல கை தானா போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

கராடியில தீபா சோபாவுல சுருண்டு படுத்துக்கிட்டு பொரி தின்னுட்டிருந்தா. மொகம் சின்னதாப் போயிருந்துச்சு. போனதும் போகாததுமா, தைக்கு எடுத்து வச்சியாம்மான்னு கேட்டா. நீ போதும்னு சொல்ற அளவுக்கு இருக்குடின்னு அம்மா சொன்னா. அரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஆனா உள்ளுக்குள்ள ரொம்ப நாளைக்கு அப்புறம் மூச்சு சீரா வந்துச்சு. இந்நேரம் உருக ஆரம்பிச்சிருக்கும்.

சாயங்காலம் வீட்டத் தொறந்தா, தண்ணி கேஸ் சிலிண்டர் வரைக்கும் ஓடிக் கெடந்துச்சு. பார்வதி ஃப்ரிட்ஜப் பாத்தா, சுவிட்சப் பாத்தா, அப்புறம் அரசியப் பாத்தா. என்ன, காசிக்கா போனோம், வீட்டையே அடச்சு வச்சுட்டு வர்றதுக்குன்னு கேட்டா. இன்னும் என்னென்னமோ சொன்னா. பத்தாவது பரீட்சைய எப்படித்தான் எழுதப் போறியோங்கறது வரைக்கும் வந்துச்சு. அரசி அழுதா. பாதி நெஜமான அழுகை. பாக்கெட்டுங்கள அம்மா எப்ப வாஷ்பேசின் பக்கம் தூக்கிட்டுப் போவான்னு பாத்துக்கிட்டே அழுதா.

பார்வதி ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்து அமுக்கிப் பாத்தா. ஓரம்தான் இளகியிருக்கு, நடுவுல இன்னும் கெட்டியா இருக்கு, சில்லுன்னுதான் இருக்குன்னா. திரும்ப உறைய வச்சா வீணாப் போயிடும். ஆனா நாளைக்கே தின்னா ஒண்ணும் ஆகாது. பால சுண்டக் காய்ச்சி பாசுந்தி போட்டுடலாம்னா. அரசி வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபோனக் கையில எடுத்துட்டா. தீபாவையும் ஷ்ரேயஸையும் பட்டு மாமியையும் ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டா. தைக்கு வேற பழம் கெடைச்சா வாங்கி வச்சுக்கலாம், இல்லேன்னா வேற பாத்துக்கலாம், நாக்கு கேக்கறப்ப சாப்பிடட்டும்னு ராஜாகிட்ட சொன்னா.

தை மாசத்துல இருந்த பயம் நாளைக்கு மதியத்துக்கு வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில சொல்லிடணும்னுதான் அரசி எந்திரிச்சா. அடுப்புல பால் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. அம்மா பக்கத்துல நின்னு ஆடைய ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கிட்டு, ட்யூஷன்ல டெஸ்ட்டு, லேட்டாப் போகாதன்னு வெரட்டினா. பால் சுண்டி, ஆறி, அப்புறம்தான் பழம் போடுவா. சூட்டுல போட்டா கசந்துடும். எப்படியும் மதியம் ஆகும், வந்து சொல்லிக்கலாம்னு அரசி போயிட்டா. டெஸ்ட்டுல ஒண்ணும் எழுதல. கேள்வித்தாளைப் பாத்துக்கிட்டு, எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம்னு யோசிச்சா. வீட்டுக்கு வந்தா வாசல்ல செருப்புங்க. எல்லாரும் வந்தாச்சு. பாசுந்தி ரெடியாகி ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துச்சு.

அதையாவது கீழ தள்ளிடலாம்னு பாத்தா. நான் எடுத்துட்டு வர்றேம்மான்னு ஃப்ரிட்ஜ்கிட்ட போனா. நேத்து நீ பண்ணின உபகாரமே போதும்னு அம்மா அவளை நகத்திட்டு, பாத்திரத்தத் தானே தூக்கிட்டுப் போனா.

எல்லாரும் உக்காந்திருந்தாங்க. முதல் கிண்ணம் தீபாவுக்கு. தீபா கிண்ணத்த மூக்குகிட்ட கொண்டு போயி, கண்ண மூடிக்கிட்டு மோந்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு சாப்பாட்டு வாசனை அவளைப் பொரட்டல. ஸ்பூனை விட்டு அள்ளினா.

"அக்கா, வாயில வைக்காத."

அரசியோட கொரல் அவளுக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. தீபா ஸ்பூனோட அவளப் பாத்தா.

"ஏன், உனக்கும் வேணுமா? இருக்குடி, அலையாத."

"இல்ல. அதுல விதை அரைபட்டிருக்கு. விஷம். நீ சாப்பிடக் கூடாது."

ஷ்ரேயஸ் கிண்ணத்தக் கீழ வச்சுட்டான். அம்மா கோவமா, நான் தேய்ச்ச பழத்துல ஏதுடி விதைன்னு ஆரம்பிச்சா. பழத்துல இல்ல, ஜார்லன்னு அரசி சொன்னா. எதுக்கு விதைய ஜார்ல போட்டன்னு அப்பா கேட்டாரு. எல்லாரும் அவளையே பாத்தாங்க. பட்டு மாமியும் பாத்தாங்க. இதுக்குத்தான் இத்தன நாளும் பயந்தது.

"பேனுக்கு."

தீபா ஸ்பூன அப்படியே கிண்ணத்துக்குள்ள போட்டுட்டு, கிண்ணத்தத் தள்ளி வச்சா. ஒரு கை தானா வயித்து மேல போச்சு. அரசி நின்ன எடத்துல நின்னே எல்லாத்தையும் சொன்னா. கோட்டை, பேன், ஜார், கண்ணு எரிஞ்சது, ஃபோன்ல படிச்சது. ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுட்டா. மத்தவங்க கிண்ணத்த எல்லாம் ராஜா எடுத்து ஒரு ஓரமா வச்சாரு. ஒருத்தரும் வாயில வச்சிருக்கல. அரசி அப்படியே தரையில உக்காந்துட்டா. முடிஞ்சுதுன்னு நெனச்சா.

அப்பத்தான் பட்டு மாமி மெதுவாக் கேட்டாங்க.

"பார்வதி, நீங்க ருசி பாத்தேளோ?"

மாமி வீட்டுல சமைக்கும்போது வாயில வைக்க மாட்டாங்க. சாமிக்குக் காட்டாம எச்சில் பண்றது அவங்களுக்கு ஆகாது. பார்வதி அப்படி இல்ல. உப்புப் பாக்காம, சர்க்கரை பாக்காம அவளால ஒரு பாத்திரத்த எறக்க முடியாது. இங்க வந்து பாத்துப் பாத்து மாமிக்கு அது நல்லாவே தெரியும்.

"சர்க்கரை பாக்க ரெண்டு ஸ்பூனு," பார்வதி சொன்னா. அப்புறம், "நல்லா இருந்துச்சேன்னு இன்னும் கொஞ்சம்."

"எப்போ?"

"இப்பத்தான் மாமி. இவ வர்றதுக்கு முன்னாடி."

அரசி தரையிலிருந்து அம்மா மொகத்தப் பாத்தா. இத்தன நாளும் அவ தீபாவ நெனச்சா, குழந்தைய நெனச்சா, பட்டு மாமிய நெனச்சா. பாசுந்தி கிண்டறவ வாயில வைப்பாங்கறது அவளுக்குத் தோணவே இல்ல.

அதுக்கப்புறம் எல்லாம் சடசடன்னு நடந்துச்சு. ராஜா சலீமுக்கு ஃபோன் போட்டாரு. வாந்தி எடுக்க வைக்காதீங்க, கை வைத்தியம்னு எதுவும் கொடுக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சலீம் சொன்னாரு. பார்வதி எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே செருப்பத் தேடினா. தீபா நானும் வர்றேன்னு எந்திரிச்சா. நீ எங்கயும் நகரக் கூடாது, நான் இருக்கேன் பாத்துக்கன்னு பட்டு மாமி அவளைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. அரசியக் கூட்டிட்டுப் போங்கோ, டாக்டர் கேட்டா அவதானே சொல்லணும்னும் மாமிதான் சொன்னாங்க.

பஜாருக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கிழமைங்கறதால ட்யூட்டியில ஒரு சின்ன வயசு டாக்டர் மட்டும் இருந்தாரு. மராட்டியில கேட்டாரு. அப்பாவுக்கு மராட்டியில பேசத் தெரியும், ஆனா சீத்தாப்பழ விதை எப்படி ஜாருக்குள்ள வந்துச்சுங்கறதச் சொல்ல வரல. அரசிதான் சொன்னா. பேனுங்கற வார்த்தைய மராட்டியிலயும் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டி வந்துச்சு. பக்கத்துல ஊசி எடுத்து வச்சுக்கிட்டிருந்த நர்ஸு நிமிந்து அவ சடையப் பாத்தாங்க. டாக்டர் சிரிக்கல. எவ்வளவு விதை, எவ்வளவு விழுது, எத்தன ஸ்பூனுன்னு கேட்டு, யாருக்கோ ஃபோன் பண்ணிப் பேசினாரு. அளவப் பாத்தா ரொம்பக் கம்மிதான், ஒண்ணும் ஆகாதுன்னுதான் தோணுது, ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காருங்க, வயித்து வலியோ வாந்தியோ வந்தா உடனே கூப்பிடுங்கன்னு சொன்னாரு.

வெளிய பெஞ்சுல உக்காந்தாங்க. ராஜா ஒரு எடத்துல நிக்க முடியாம, மருந்துக் கடைக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு. பார்வதி முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு செவத்துல சாஞ்சிருந்தா. அரசி அவ பக்கத்துல உக்காந்து, அம்மா வயிறு ஏறி எறங்கறதையே பாத்துக்கிட்டிருந்தா. அம்மா தும்மினாக்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அரசி சொன்னா.

"ஃப்ரிட்ஜ நான் வேணும்னுதான் அமத்தினேன்."

பார்வதி திரும்பல. "தெரியும்."

"எப்படி?"

"தெரியாம யாரும் அமத்திடக் கூடாதுன்னுதான் அந்த சுவிட்சு மேல பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. கை தவறி அமத்த முடியாது." அப்புறம், "எதுக்கு அமத்தினன்னுதான் புரியல. பாடத்துல ஏதோ பிரச்சினைன்னு நெனச்சேன். இல்ல எவனாவது பையன்னு நெனச்சேன். இது தோணல."

அரசி அம்மா வயித்தையே பாத்துக்கிட்டுச் சொன்னா.

"தீபா சாப்பிடக் கூடாதுன்னுதான்மா."

"அவளுக்குச் சொல்லிட்ட. சரியான நேரத்துல சொல்லிட்ட. எனக்குச் சொல்லணும்னு தோணலயா?"

"நீ சாப்பிடுவேன்னு நெனக்கல."

"நான் என்னிக்குடி ருசி பாக்காம ஆக்கியிருக்கேன்?"

அதுல கோவம் இல்ல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அரசி பொறந்ததிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கா. உள்ளங்கையில ரெண்டு சொட்டு குழம்ப விட்டு நக்கிப் பாக்கறது, கரண்டிய ஊதி ஊதி வாயில வைக்கிறது, எல்லாம். பாத்துப் பாத்து, அது கண்ணுக்குத் தெரியாமலே போச்சு.

பார்வதி அவ கையப் பிடிக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. பக்கத்துல காய்ச்சல் பையனோட உக்காந்திருந்த பொம்பளை, என்ன ஆச்சுன்னு மராட்டியில கேட்டா. வயித்துக்கு ஒத்துக்காம போச்சுன்னு பார்வதி அரைகுறை மராட்டியில சொல்லிட்டு, பையனுக்கு எத்தன டிகிரின்னு விசாரிச்சா. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் தக்காளி ரசம் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அரசி நடுவுல ரெண்டு தடவ குனிஞ்சு, வலிக்குதாம்மான்னு கேட்டா. வலிச்சா சொல்ல மாட்டேனான்னு பார்வதி சொல்லிட்டு, அந்தப் பொம்பளைகிட்ட விட்ட எடத்திலிருந்து தொடர்ந்தா.

தீபா ஃபோன் பண்ணினா. ஷ்ரேயஸ் பாசுந்தியக் கவர்ல கட்டி, நாய் எதுவும் தின்னாத மாதிரி குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்துட்டானாம். பட்டு மாமி மடிசாரத் தூக்கிச் சொருகிக்கிட்டு, பார்வதியோட சமையக்கட்டுல நின்னு அத்தன பாத்திரத்தையும் தேய்க்கறாங்களாம். வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கறாங்களாம். பார்வதிக்கு எப்படி இருக்கு, பார்வதிக்கு எப்படி இருக்குன்னு அதையே கேக்கறாங்களாம். அப்புறம் கொரலத் தாழ்த்தி, அரசிகிட்ட கொடும்மான்னு கேட்டா. அரசி ஃபோன வாங்கி காதுல வச்சா.

"ஏய், எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ஆன்லைன்ல மருந்து வாங்கி அனுப்பியிருப்பேன்ல. இதுக்குப் போயி."

அரசி உம்னு மட்டும் சொன்னா. இதுக்குப் போயித்தான். அவ்வளவு சின்ன விஷயம்தான் அது, மத்தவங்க வாயில வரும்போது.

விளக்கு போடற நேரத்துக்கு டாக்டர் வந்து பார்வதியக் கூப்பிட்டு, வயித்த அமுக்கிப் பாத்து, நாடி பாத்து, ப்ரெஷர் பாத்தாரு. இது வரைக்கும் ஒண்ணும் வரலேன்னா இனிமே வர வாய்ப்பு கம்மி, வீட்டுக்குப் போங்க, ராத்திரி ஏதாவது பண்ணினா உடனே வாங்கன்னு சொன்னாரு. ராஜா ரெண்டு கையையும் கூப்பினாரு. கம்மின்னு சொன்னாரே தவிர, இல்லன்னு சொல்லலையேன்னு அரசி நெனச்சுக்கிட்டா.

வெளிய வந்ததும் பார்வதி நின்னுட்டா. மதியம் பரிமாறினதோட சரி, பச்சத் தண்ணிகூடச் சரியாக் குடிக்கல, பசிக்குதுன்னா. வீட்டுக்குப் போயி தயிர் சாதம் சாப்பிடலாம்னு ராஜா சொன்னாரு. அது மாமி கழுவி வச்ச சமையக்கட்டு, இன்னிக்கு அதுல நான் கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, எதுத்தாப்புல வண்டிக்காரன்கிட்ட போனா. மூணு வடா பாவ் வாங்கினா. ஒண்ண ராஜா கையில கொடுத்தா, ஒண்ண அரசி கையில வச்சா. தன்னோடதக் கொஞ்சம் பிரிச்சு, உள்ள சட்னி இருக்கான்னு பாத்துட்டு, பெரிய கடியா ஒண்ணு கடிச்சா.

அரசி தன்னோடதத் தொடல. அம்மா மெல்லறதப் பாத்தா, முழுங்கறதப் பாத்தா, அடுத்த கடிக்கு வாய் தொறக்கறதப் பாத்தா.

"என் வாயையே பாக்காதடி," பார்வதி வாயில இருந்தத ஒதுக்கிக்கிட்டே சொன்னா. "ஆறிடப் போகுது. தின்னு."

அரசி வேற பக்கம் திரும்பிக்கிட்டா. ஆனா தின்னல. அம்மா கடைசித் துண்ட வாயில போட்டு, காகிதத்தக் கசக்கி, கையத் தட்டிக்கிட்ட சத்தம் கேட்ட அப்புறம்தான் முதல் வாய் கடிச்சா.